விற்க முடியாத சொத்து

என் மைத்துனர் ஒரு பாங்கில் ஆடிட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பணம் என்ற சொல் காதில் விழுந்தால் வட்டி என்ற சொல்லும் கூடவே அவருக்குக் கேட்கும். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு நாள் காலையில், நான் காபியைக் கையில் எடுத்த சமயம், அவர் ஒரு காகிதத்தை வீசிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“உங்கள் மருமான் செய்திருக்கும் காரியத்தை நீங்களே படித்துப் பாருங்கள், அத்தான்” என்றார்.

அவர் மகன் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்தில், மில்வாக்கி நகரில் வேலையாக இருக்கிறான். 2021-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் அவன் 300 டாலர் கொடுத்து ஒரு பங்குப் பத்திரம் வாங்கினான். அனுப்பும் செலவு 35 டாலர் தனி. ஆக மொத்தம் நம் பணத்தில் ஏறக்குறைய 25,000 ரூபாய். பத்திரத்தின் படத்தையும் அதனுடன் வந்த விவரங்களையும் அப்பாவுக்கு அனுப்பியிருந்தான். சந்தோஷப்படுவார் என்று நினைத்தான் போலும்.

“டிவிடெண்டு கிடையாதாம். விலை ஏறாதாம். சந்தையில் விற்கவும் முடியாதாம். லாபத்தை எதிர்பார்த்து யாரும் வாங்க வேண்டாம் என்று விற்கிறவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்! முப்பத்தாறு வருஷ சர்வீஸில் எத்தனையோ மோசடிகளைப் பார்த்திருக்கிறேன். முதலிலேயே உண்மையைச் சொல்லிவிட்டுப் பணம் வாங்குகிற மோசடியை இப்போதுதான் பார்க்கிறேன்!”

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். கிரீன் பே பாக்கர்ஸ் என்ற கால்பந்து கோஷ்டியின் பங்கு அது. மைத்துனரைச் சமாதானப்படுத்தவேண்டுமே என்பதற்காகத்தான் அந்தக் கோஷ்டியின் சரித்திரத்தைப் படிக்க ஆரம்பித்தேன். பிறகு எனக்கே கீழே வைக்க மனம் வரவில்லை. நல்ல நாவலுக்கு வேண்டிய கடன், துரோகம், தீ, பனி எல்லாம் அதில் இருந்தன. நான் கற்பனை செய்திருந்தால், “நம்பும்படி இல்லை” என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

அந்த ஆட்டத்தைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. பெயர் கால்பந்துதான், ஆனால் பந்தைக் காலால் உதைப்பது எப்போதோ ஒரு தரம். முட்டை வடிவமான பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், அல்லது தூரத்தில் ஓடும் கூட்டாளிக்கு எறிகிறார்கள். எதிர்க்கட்சியார் மேலே விழுந்து அமுக்குகிறார்கள். நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிராளி கைக்குப் போய்விடும். இவ்வளவு தெரிந்தால் நமக்குப் போதும். எனக்கும் இவ்வளவுதான் தெரியும்.

மிச்சிகன் ஏரியிலிருந்து பிரிந்து நீளும் ஒரு விரிகுடாவின் முனையில், பாக்ஸ் நதி வந்து கலக்கும் இடத்தில் இருக்கிறது கிரீன் பே. காகித ஆலைகளும் பாலாடைக்கட்டியும் துறைமுகமும் உள்ள ஊர். குளிர் காலத்தில் உடம்பு விறைத்துவிடும். 1920-இல் அங்கே இருந்தவர்கள் சுமார் 31,000 பேர்.

அந்த ஊர்ப் பையன் ஒருவன், ஏர்ல் லாம்போ என்று பெயர். சுருட்டை முடி இருந்ததால் எல்லோரும் ‘கர்லி’ என்று கூப்பிட்டார்கள். 1918-இல் நோட்டர்டேம் கல்லூரியில் சேர்ந்து கால்பந்து ஆடினான். தொண்டைச் சதை வீங்கிப் படுத்தவன் ஊர் திரும்பினான். கல்லூரிக்கு மறுபடி போகவில்லை. இறைச்சியை டின்களில் அடைத்து விற்கும் இந்தியன் பாக்கிங் கம்பெனியில் குமாஸ்தா வேலை கிடைத்தது. பெயரைக் கண்டு நாம் பெருமைப்பட இடமில்லை. அது செவ்விந்தியர்களைக் குறிக்கிற ‘இந்தியன்’.

1919-ஆம் வருஷம் ஆகஸ்டு 11-ஆம் தேதி, உள்ளூர்ப் பத்திரிகையின் காரியாலயத்தில் வாலிபர்கள் சிலர் கூடினார்கள். கூட்டியவர்கள் இருவர்: லாம்போவும், அந்தப் பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி எழுதிக்கொண்டிருந்த ஜார்ஜ் கால்ஹூனும். உடுப்புக்கும் சாமான்களுக்கும் 500 டாலர் தரும்படி லாம்போ தன் முதலாளியைக் கேட்டான், அவரும் கொடுத்தார். கம்பெனியின் தொழிலை ஒட்டிக் கோஷ்டிக்கு ‘பாக்கர்ஸ்’, அதாவது டின்னில் அடைப்பவர்கள், என்று பெயர் வந்தது. இரண்டு வருஷத்துக்குள் அந்தக் கம்பெனி வேறு கைக்கு மாறியது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் போகவில்லை.

முதல் வருஷம் ஆடிய இடத்தில் வேலியும் கிடையாது, ஆசனமும் கிடையாது. ஜனங்கள் கோட்டோரம் நின்று பார்த்தார்கள். டிக்கெட் விற்பது எப்படி? கால்ஹூன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கூட்டத்தைச் சுற்றி வந்தார். பதினொரு ஆட்டங்களில் பத்தில் வெற்றி. வருஷக் கடைசியில் தொப்பிக் காசைப் பங்கிட்டபோது ஆளுக்கு 16 டாலர் 75 சென்ட் கிடைத்தது. அந்தத் தொப்பி பிற்பாடு பெரிதானதே தவிரக் கடைசிவரை கீழே இறங்கவில்லை என்பதை வாசகர்கள் போகப் போகப் பார்ப்பார்கள்.

1920-இல் ஓஹையோவில் கான்டன் என்ற ஊரில், ஒரு மோட்டார் விற்கும் கடையில் சிலர் கூடிச் சங்கம் ஒன்று அமைத்தார்கள். இன்று கோடி கோடியாகப் பணம் புரளும் தேசியக் கால்பந்து லீகின் பிறப்பு அதுதான். 1921-இல் பாக்கர்ஸ் அதில் சேர்ந்தது. கல்லூரி மாணவர்களைப் பொய்ப் பெயரில் ஆடவிட்டதற்காக உடனே வெளியேற்றப்பட்டது. லாம்போ மன்னிப்புக் கேட்டு மறுபடி உள்ளே நுழைந்தார்.

1922-இல் வானம் சதி செய்தது. ஆட்ட நாட்களில் பார்த்து மழை கொட்டியது. மழைக்கு எதிராக இன்ஷூரன்ஸ் செய்திருந்தார்கள். ஆனால் ஒரு தடவை பெய்த மழை, ஒப்பந்தத்தில் சொன்ன அளவுக்கு ஒரு மயிரிழை குறைந்துவிட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கவில்லை. கோஷ்டி கடனில் மூழ்கியது.

அப்போது ஊர்ப் பெரியவர்கள் முன்வந்தார்கள். பத்திரிகையின் அதிபர் ஆண்ட்ரூ டர்ன்புல், ஒரு மளிகை வியாபாரி, ஒரு டாக்டர், ஒரு வக்கீல், இவர்களுடன் லாம்போ. எப்போது பார்த்தாலும் யாரிடமாவது கையை நீட்டிக்கொண்டிருந்தபடியால் ஊரார் இவர்களுக்கு ‘பசித்த ஐவர்’ என்று பட்டம் கொடுத்துவிட்டார்கள். 1923-இல் இவர்கள் முயற்சியால் கோஷ்டி ஒரு லாபமில்லாக் கழகமாக மாறியது. பங்கு ஒன்றுக்கு 5 டாலர் வீதம் 1,000 பங்குகள். பங்கு வாங்குகிறவர் ஆறு சீசன் டிக்கெட்டும் வாங்கவேண்டும். அதாவது பணமும் கொடுத்து, ஆள் சேர்த்துக்கொண்டும் வரவேண்டும். லாபம் யாருக்கும் கிடையாது. கழகம் என்றைக்காவது விற்கப்பட்டால் அந்தப் பணம் ஊரின் முன்னாள் போர்வீரர் சங்கத்துக்குப் போய்ச் சேரும்; அதைக்கொண்டு போர்வீரர்களுக்கு ஞாபகச் சின்னம் கட்டவேண்டும். இப்படி எழுதி வைத்தார்கள்.

இந்தக் கடைசி ஷரத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். விற்றால் விற்றவனுக்கு ஒரு காசும் வராது என்றால், விற்க யார் முன்வருவார்கள்? ஐந்து பேரும் ஊரின் ஆசையை நம்பினார்கள். மனிதனின் பேராசையையும் மறக்கவில்லை. ஒன்றை ஆதாரமாக்கிக்கொண்டு மற்றொன்றுக்குப் பூட்டுப் போட்டார்கள்.

பூட்டு இல்லாத ஊர்களின் கதியைப் பாருங்கள். லீகின் ஆரம்ப வருஷங்களில் கான்டன், ராக் ஐலண்ட், டுலூத், ரேசீன், கெனோஷா, பாட்ஸ்வில் என்று எத்தனையோ சிற்றூர்களுக்குக் கோஷ்டிகள் இருந்தன. சில கலைந்தன, சில விலை போயின. போர்ட்ஸ்மத் கோஷ்டியை 1934-இல் டெட்ராய்ட்காரர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். டிகேட்டர் என்ற ஊரில் ஒரு மாவு ஆலைக்காக ஜார்ஜ் ஹாலஸ் நடத்திய கோஷ்டி 1921-லேயே சிகாகோவுக்குக் குடிபோயிற்று. அதுதான் சிகாகோ பேர்ஸ். கிரீன் பேயின் பரம வைரி. இரண்டும் ஆலைகளில் பிறந்த குழந்தைகள். ஒன்று பட்டணம் போய்விட்டது. மற்றொன்று பிறந்த வீட்டிலேயே தங்கியது.

தங்கிய பிள்ளை சோடை போகவில்லை. 1929, 1930, 1931 என்று மூன்று வருஷம் தொடர்ந்து சாம்பியன் பட்டம். ஆனாலும் தரித்திரம் விடவில்லை. ஆட்டம் பார்க்க வந்த ஒருவர் ஆசன மேடையிலிருந்து விழுந்து அடிபட்டு வழக்குப் போட்டார். சுமார் 5,000 டாலர் கொடுக்கும்படி தீர்ப்பாயிற்று. அதைக் கொடுக்கவேண்டிய இன்ஷூரன்ஸ் கம்பெனியோ திவாலாகிவிட்டது! 1933-இல் கோஷ்டி கோர்ட்டாரின் பொறுப்பில் போயிற்று. 1935-இல் மறுபடி பங்கு விற்று 15,000 டாலர் சேர்த்து மீட்டார்கள். அது தேசம் முழுவதும் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலம் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். அதே வருஷம் டான் ஹட்சன் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். எறிந்த பந்தை ஓடிக்கொண்டே பிடிப்பதில் அவருக்கு நிகர் அந்நாளில் ஒருவரும் இல்லை. 1936, 1939, 1944 வருஷங்களில் மீண்டும் பட்டம் வந்தது.

ஹட்சன் 1945-உடன் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகுதான் கதை ஒரு நாவலாசிரியனுக்குப் பிடித்த திருப்பத்துக்கு வருகிறது.

லாம்போவுக்கு அப்போது ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஊர்ப் பையன் பெரிய மனிதராகிவிட்டார். ஊருக்கு வெளியே ஏரி ஓரமாக ஒரு மாளிகையைக் கழகத்தின் பணத்தில் வாங்கி ஆட்டக்காரர்களைத் தங்கவைத்தார். நிர்வாகிகள் முணுமுணுத்தார்கள். கோஷ்டி தோற்றுக்கொண்டே வந்தது. 1949-இல் கஜானா காலி. பணக்காரர்கள் சிலரைக் கூட்டிவந்து இதை லாபம் தேடும் கம்பெனியாக்கிவிடலாம் என்று லாம்போ யோசனை சொன்னார். தொப்பி ஏந்தி ஆரம்பித்தவர்களில் ஒருவரே, இனி தொப்பி போதாது என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. போட்டிக் கோஷ்டிகள் பணத்தை வாரி இறைத்த காலம் அது. ஆனால் ஊர் சம்மதிக்கவில்லை. நவம்பர் மாதத்து நன்றித் திருநாளன்று, கோஷ்டியை இரண்டாகப் பிரித்துத் தங்களுக்குள்ளேயே ஒரு ஆட்டம் ஆடினார்கள். ஊரார் வந்து பார்த்து ஏறக்குறைய 50,000 டாலர் கொடுத்தார்கள். 1950 ஜனவரியில் அந்த ஏரிக்கரை மாளிகை தீப்பிடித்துச் சாம்பலாயிற்று. இந்தத் தடவை இன்ஷூரன்ஸ் கம்பெனி திவாலாகவில்லை. வந்த பணம் கடனுக்கு உதவியது! ஒரு வாரத்தில் லாம்போ ராஜினாமாச் செய்துவிட்டு வேறு கோஷ்டிக்குப் போய்விட்டார். முப்பது வருஷத்து உறவு முடிந்தது.

அந்த வருஷம் மூன்றாம் முறையாகப் பங்கு விற்றார்கள். பங்கு ஒன்றுக்கு 25 டாலர். எவரும் 200 பங்குக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. பணக்காரன் ஒருவன் மொத்தமாக வளைத்துப் போட்டுவிடக் கூடாதல்லவா? 1,18,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. அந்த நாட்களில் வயல்காட்டிலிருந்து ஒரு பெண்மணி காரியாலயத்துக்கு வந்தாளாம். ஒரு தீப்பெட்டி நிறையக் கால் டாலர் நாணயங்களைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து ஒரு பங்கு கேட்டாளாம். 25 டாலர் என்றால் நூறு நாணயங்கள். எத்தனை நாள் சேர்த்தாளோ! அவள் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் இந்தச் சரித்திரத்தில் ஒருவரைச் சந்திக்கலாம் என்று யாராவது வரம் கொடுத்தால், சாம்பியன்களை எல்லாம் விட்டுவிட்டு அந்த அம்மாளைத்தான் நான் கேட்பேன்.

இன்னொரு சம்பவம். பழைய ஸ்டேடியம் சின்னது. புதிது கட்டாவிட்டால் லீகில் நீடிப்பது கஷ்டம் என்ற நிலை வந்தது. 1956 ஏப்ரலில், நகரசபை கடன் பத்திரம் வெளியிட்டுக் கட்டலாமா என்று ஊரில் வாக்கெடுப்பு வைத்தார்கள். வாக்கெடுப்புக்குச் சில நாள் முன்பு நடந்த கூட்டத்தில், கட்டத்தான் வேண்டும் என்று பேசுவதற்காக ஒருவர் சிகாகோவிலிருந்து வந்தார். யார் தெரியுமா? பரம வைரி ஜார்ஜ் ஹாலஸ்! சண்டை போடுவதற்கு எதிராளி உயிரோடு இருக்கவேண்டும் என்பது அந்தப் பழுத்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. ஒன்றுக்கு இரண்டுக்கு மேலான வித்தியாசத்தில் ஊரார் சம்மதம் தந்தார்கள். 1957-இல் ஸ்டேடியம் திறக்கப்பட்டது. 1965-இல் லாம்போ காலமானபோது அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். கோபித்துக்கொண்டு போன பிள்ளையை ஊர் மன்னித்துவிட்டது.

புது ஸ்டேடியம் வந்தும் 1958-இல் பன்னிரண்டு ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. 1959-இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் கோஷ்டியின் உதவிப் பயிற்சியாளராக இருந்த வின்ஸ் லம்பார்டியை அழைத்துவந்தார்கள். பொல்லாத கண்டிப்புக்காரர். அவரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அது தனிப் புஸ்தகமாகிவிடும். 1961-இல் சாம்பியன் பட்டத்துக்காக அதே நியூயார்க் ஜயண்ட்ஸ் கிரீன் பேக்கு வந்து ஆடியது. சுமார் 63,000 பேர் வாழும் ஊர், உலகத்தின் மகா நகரத்தை 37-க்குச் சைபர் என்று தோற்கடித்தது. 1962, 1965, 1966, 1967 வருஷங்களிலும் பட்டம் அவருக்கே. ஆனால் எனக்கு அவரிடம் பிடித்த விஷயம் வேறு. கறுப்பர் இன ஆட்டக்காரர்களுக்கு அந்த ஊரில் வாடகைக்கு வீடு கிடைப்பது சிரமமாக இருந்தது. தம் ஆட்டக்காரர்களில் ஒருவரைக்கூட வரவேற்காத விடுதிக்கு மற்றவர்களும் போகக்கூடாது என்று லம்பார்டி உத்தரவு போட்டார். ஊரின் சொத்து என்று சொல்லிக்கொள்கிறவர்கள், அதற்காக ஆடுகிறவனை ஊருக்கு வெளியே நிறுத்தலாமா?

1967 டிசம்பர் 31-ஆம் தேதி டல்லாஸ் கோஷ்டியுடன் நடந்த ஆட்டத்தை இன்றும் பேசுகிறார்கள். உஷ்ணநிலை சைபருக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸ். மைதானத்துக்கு அடியில் பதித்திருந்த மின்சார வெப்பக் கம்பிகள் வேலை செய்யவில்லை. தரை கல்லாக உறைந்தது. நடுவர்கள் ஊதல் ஊத முடியாமல் வாயால் கத்தினார்கள். அந்தக் குளிரில் ஐம்பதாயிரம் பேர் உட்கார்ந்திருந்தார்கள்! இன்னும் 16 விநாடிதான் பாக்கி. போகவேண்டிய தூரம் ஒரு கஜத்துக்கும் குறைவு. பந்தை எறியும் பார்ட் ஸ்டார் அதை யாரிடமும் கொடுக்காமல் தாமே புகுந்து விழுந்தார். 21-க்கு 17 என்று வெற்றி.

வீரம் ஒரு பக்கம் இருக்கட்டும். சின்ன ஊர் பிழைத்ததற்குக் கணக்குப் புத்தகத்தில் ஒரு காரணம் உண்டு. 1961-இல் டெலிவிஷன் பணத்தை எல்லாக் கோஷ்டிகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதென்று லீக் தீர்மானித்தது. அதற்கு இடம் கொடுத்து அமெரிக்கக் காங்கிரஸும் சட்டம் செய்தது. தங்கள் பங்கு குறையும் என்று தெரிந்தும் நியூயார்க்கும் சிகாகோவும் ஒப்புக்கொண்டன. அந்தப் பங்கீடு இல்லையென்றால் தீப்பெட்டிக் காசு எத்தனை காலம் தாங்கியிருக்கும்?

லம்பார்டிக்குப் பின் ஏறக்குறைய கால் நூற்றாண்டு வறட்சி. ஆனால் 1960-லிருந்து சீசன் டிக்கெட்டுகள் ஒரு வருஷம்கூட மிஞ்சவில்லை. பின்பு 1996-ஆம் வருஷத்து ஆட்டங்களிலும், 2010-ஆம் வருஷத்து ஆட்டங்களிலும் மீண்டும் பட்டம். மொத்தம் பதின்மூன்று, லீகில் வேறு எவருக்கும் இத்தனை கிடையாது.

இதற்கிடையில் மற்ற ஊர்களில் என்ன நடந்தது? 1984 மார்ச்சு மாதத்தில் ஒரு நள்ளிரவில், பால்டிமோர் கோஷ்டியின் உடைமைகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு அதன் முதலாளி இண்டியானாபொலிஸுக்குப் போய்விட்டார். விடிந்து பார்த்தால் ஊருக்குக் கோஷ்டி இல்லை. 1995-இல் கிளீவ்லாந்துக்கும் அந்தக் கதிதான். முதலாளியின் சொத்து, முதலாளி எடுத்துக்கொண்டு போகிறார். சட்டப்படி அதில் தவறு இல்லை. அழுதவர்களிடம் பத்திரம் ஏதும் இல்லை.

கிரீன் பே பங்குதாரர்கள் இன்று 5,38,000 பேர். 1997, 2011, 2021 ஆகிய வருஷங்களில் ஆரம்பித்த விற்பனைகளில் சேர்ந்தவர்களே இவர்களில் பெரும்பாலோர். விற்றால் பணம் தர்ம ஸ்தாபனத்துக்கு என்று அந்தப் பழைய ஷரத்தை 1997-இல் மாற்றி எழுதினார்கள்; பூட்டு அப்படியே இருக்கிறது. இந்த மாதிரிப் பொதுச் சொந்தம் இனி வேறு ஊருக்குக் கிடையாது என்று லீக் விதி செய்திருக்கிறது. பழைய ஆசாமி என்பதால் கிரீன் பேக்கு மட்டும் விலக்கு.

இதை ராமராஜ்யம் என்று நான் சொல்ல வரவில்லை. பங்குதாரர் வோட்டுப் போடலாம். ஆனால் காரியங்களை நடத்துகிறவர்கள் ஒரு சிறு நிர்வாகக் குழுவினர். எந்த ஆட்டக்காரனை எடுப்பது என்று ஒருவரும் என் மருமானைக் கேட்கப்போவதில்லை. 2000-இல் ஸ்டேடியத்தைப் புதுப்பிக்க விற்பனை வரி போடலாமா என்று கேட்டபோது, நூற்றுக்கு 53 பேர்தான் சரி என்றார்கள். மற்ற 47 பேருக்கும் ஊரின்மேல் அன்பு இல்லை என்று சொல்ல முடியுமா? பொதுச் சொத்து என்றால் பொதுச் சச்சரவும் அதில் அடக்கம்.

இத்தனையையும் ஒரு மாலையில் மைத்துனரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். தீப்பெட்டிக்கார அம்மாள் கதை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நூறு நாணயத்தையும் எண்ணித்தானே வாங்கியிருப்பார்கள்?” என்று கேட்டார்.

“எண்ணியிருப்பார்கள்.”

“அந்த ஒரு பங்கு இப்போது எவ்வளவு ஆகியிருக்கும்?”

“1997-இல் பழைய பங்கு ஒன்றை ஆயிரமாகப் பிரித்தார்கள். அப்போது அது அவள் குடும்பத்தில் இருந்திருந்தால் ஆயிரம் பங்கு.”

“ஆயிரமா!” என்று அவர் கண்கள் விரிந்தன. பிறகு, “ஆயிரம் சைபரும் சைபர்தானே” என்று தாமே சொல்லிக்கொண்டார்.

சற்று நேரம் பேச்சில்லை. காகிதத்தை எடுத்து மறுபடி ஒரு முறை, ஆடிட்டர்கள் பார்க்கிறபடி, மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“விற்க முடியாது, சரி. பையனுக்குப் பிற்பாடு இது யாருக்குப் போகும்?”

“அவன் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம். அதற்குத் தடை இல்லை.”

அவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

“இன்று ராத்திரி அவன் போன் செய்வான். நாமினேஷன் எழுதி வைத்திருக்கிறானா என்று நீங்கள் ஒரு வார்த்தை கேளுங்கள், அத்தான். இந்தக் காலத்துப் பையன்களுக்கு அதெல்லாம் தோன்றாது” என்றார்.